சிறிய சுற்றுலாத் தொழிலுக்கு உங்கள் பெயரையே அடையாளமாக வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பயணத்துக்கு முன்பணம் கட்டுகிறவர் தான் வாங்குவதைக் கண்ணால் பார்க்காமலேயே பணம் கொடுக்கிறார். சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லவும் வழியில்லை. பணத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடலாம்; அலைந்து திரிந்து வாங்கிய விடுப்பை, பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகக் கிளம்பக் கிடைத்த அந்த ஒரு வாரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் விலைப்பட்டியலைப் பார்த்த கையோடு அவர் தெரிந்தவர் யாரிடமாவது கேட்கிறார்: "இவரை நம்பிப் போகலாமா?"

அந்தக் கேள்விக்கு நீங்கள் இல்லாத இடத்தில் என்ன பதில் சொல்லப்படுகிறதோ, அதுதான் உங்கள் பெயர். பெரிய முன்பதிவுத் தளங்களோடு விலையில் மோதிச் சிறிய நிறுவனம் வெல்ல முடியாது. ஆனால் அவற்றிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. எந்த வழி யாருக்கு ஒத்துவரும், எந்த மாதத்தில் எங்கே போகக் கூடாது, எந்த விடுதியின் மாடிப்படி முதியவர்களுக்கு ஆகாது என்று தன் அனுபவத்தில் சொல்லக்கூடிய ஒரு மனிதர் உங்கள் நிறுவனத்தில் இருக்கிறார். அவருடைய கணிப்பை வெளியே தெரியும்படி செய்வதுதான் இந்த வேலை முழுவதும். இலச்சினை, வண்ணம், எழுத்துரு எல்லாம் பிறகு வரட்டும்.

இந்தத் தொழிலின் தொடக்கமே ஒரு மனிதரின் பெயரில்தான் இருக்கிறது. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக், இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துச் சென்றார். ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட்டையும் மக்கள் தாங்களே எடுத்திருக்கலாம். போய்ச் சேர்ந்து திரும்பும்வரை எல்லாவற்றையும் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற உறுதியைத்தான் அவர் கூடுதலாகக் கொடுத்தார். இன்றும் சிறிய பயண ஏற்பாட்டாளர் விற்பது அதையேதான்.

முதல் படி: யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

"எல்லா விதமான பயணங்களும் ஏற்பாடு செய்து தரப்படும்" என்ற வரி யார் மனதிலும் நிற்காது. ஒருவர் உங்களை இன்னொருவரிடம் பரிந்துரைக்க வேண்டுமானால், அவர் வாயில் ஒரே மூச்சில் வரக்கூடிய ஒரு வாக்கியம் தேவை.

அதை யோசித்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். பழைய கணக்கைப் புரட்டுங்கள். இதுவரை செய்த பயணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று குறிப்புகள் எழுதுங்கள். வந்தவர்கள் யார்? அந்தப் பயணத்தில் உங்களுக்கு எந்த வேலை இயல்பாக வந்தது? முடிந்தபின் அவர்கள் வேறு யாரையாவது அனுப்பினார்களா? மூன்றாவது குறிப்பு நிரம்பியிருக்கும் வரிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். பெரும்பாலும் அவற்றுக்குள் ஒரு ஒற்றுமை தென்படும். இப்போதுதான் தொழில் தொடங்குகிறீர்கள் என்றால், நண்பர்களும் உறவினர்களும் எந்த வகைப் பயணத்துக்கு உங்களிடம் யோசனை கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதுவே நல்ல தடயம்.

கிடைப்பது இப்படி ஒரு வாக்கியமாக இருக்கலாம்: "நடக்கச் சிரமப்படும் பெற்றோரோடு செல்லும் குடும்பங்களுக்கு, ஒரு நாளைக்கு ஒரே இடம் என்ற நிதானத்தில் பயணம் அமைத்துத் தருகிறேன்." இதைப் படிக்கும் இளைஞர் கூட்டம் விலகிப் போகும். போகட்டும். ஆனால் வயதான தாயோடு பயணம் போக நினைத்துத் தயங்கிக்கொண்டிருக்கும் ஒருவர், இது தனக்காகவே எழுதப்பட்டது என்று நினைப்பார். இன்ஸ்டாகிராம் அறிமுகக் குறிப்புக்கு 150 எழுத்துகள்தான் இடம் தருகிறது. உங்கள் வாக்கியம் அதற்குள் அடங்கவில்லை என்றால் இன்னும் தெளிவு வரவில்லை என்று பொருள்.

இரண்டாம் படி: பெயரும் அதன் உரிமையும்

சொந்தப் பெயரில் நடத்துவதா, நிறுவனப் பெயர் வைப்பதா என்று பலரும் வெகுநாள் குழம்புகிறார்கள். நீங்களே உடன் சென்று வழிநடத்தும் பயணங்கள் என்றால் சொந்தப் பெயர் வலுவானது. பின்னால் ஆட்களைச் சேர்த்துப் பெருக்கும் எண்ணம் இருந்தால் நிறுவனத்துக்குத் தனிப் பெயர் வைத்து, "நடத்துபவர்" என்று உங்கள் பெயரை ஒவ்வோர் இடத்திலும் சேர்த்தே எழுதுங்கள். என் கருத்தில் பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் பாதுகாப்பானது. பெயரை வளர்த்துவிட்டுப் பாதியில் மாற்றுவது மிகக் கடினம்.

பெயரை முடிவு செய்யும் முன் அதை வேறு யாரும் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். வணிக முத்திரைகளுக்கான நீஸ் வகைப்பாட்டில் பயண ஏற்பாடு 39-ஆம் வகுப்பில் வருகிறது. தங்குமிடம் 43-ஆம் வகுப்பில். உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் பிராண்டுத் தரவுத்தளத்தில் இலவசமாகவே தேடலாம். அதோடு உங்கள் நாட்டின் பதிவேட்டையும் பாருங்கள்.

இணைய முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். தளம் வடிவமைத்துக் கொடுத்தவர் தன் கணக்கில் பதிவு செய்து வைத்திருந்தால், அவரோடு மனத்தாங்கல் வரும் நாளில் உங்கள் பெயரே உங்கள் கையில் இருக்காது. எல்லாக் கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் பாதுகாப்பு) இயக்கி வையுங்கள்.

பெயருக்கு என்ன மதிப்பு என்பதற்கும் தாமஸ் குக்கே சான்று. 2019 செப்டம்பரில் அந்த நிறுவனம் திவாலாகி மூடப்பட்டது. அலுவலகங்கள் பூட்டப்பட்டன, விமானங்கள் நின்றன. இரண்டே மாதத்தில் ஃபோசுன் என்ற சீன நிறுவனம், அந்தப் பெயரையும் அதைச் சார்ந்த உரிமைகளையும் 1.1 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது.

மூன்றாம் படி: உங்கள் கணிப்பை எழுத்தில் காட்டுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்து இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலும் பெயர் வளரும்.

பெரும்பாலான பயண விளம்பரங்கள் இப்படித்தான் இருக்கும்: "இயற்கை எழில் கொஞ்சும் மலைப்பிரதேசத்தில் மறக்க முடியாத மூன்று நாட்கள்! சொகுசு விடுதி, சுவையான உணவு, அனுபவம் மிக்க வழிகாட்டி." இதில் உள்ள எந்தச் சொல்லையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அந்த இடத்துக்குப் போகாதவர்கூட எழுதலாம். இப்போது அதே பயணத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"முதல் நாள் ஐந்து மணி நேரம் வண்டியில். கடைசி ஒரு மணி நேரம் வளைவுப் பாதை. வாந்தி வருபவர்கள் முன்னிருக்கை வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். விடுதி முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. இரண்டாம் நாள் நடை மூன்று மணி நேரம்; நடுவில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும், முழங்கால்வரை தண்ணீர் இருக்கும். மழை பெய்தால் அந்த நடையை விட்டுவிட்டு வேறு வழியில் அழைத்துச் செல்வேன். அன்று மாலை எந்த நிகழ்ச்சியும் வைக்கவில்லை; எல்லாரும் களைத்திருப்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளோடு இந்தப் பயணம் வேண்டாம் என்பதே என் யோசனை."

இரண்டாவதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. ஆனாலும் படிப்பவருக்கு, எழுதியவர் அந்தப் படியில் ஏறியிருக்கிறார், அந்த ஓடையில் நின்றிருக்கிறார் என்பது தெரிகிறது. கடைசி வரி ஒரு சிலரை இழக்க வைக்கும். அதே வரிதான் மீதி வரிகள் அத்தனையையும் நம்ப வைக்கிறது. "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர், "இது வேண்டும்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை இருக்கிறது.

எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. வாடிக்கையாளர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். "கழிவறை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும்?" "தனியாக வரும் பெண்ணுக்கு அறை எப்படித் தருவீர்கள்?" "சர்க்கரை நோய் உள்ளவர் மருந்தைக் குளிரில் வைக்க வழி இருக்கிறதா?" ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால் அதற்கு ஒரு முழுக் கட்டுரையோ காணொளியோ தயார் செய்யுங்கள். அடுத்து அதே கேள்வியோடு வருபவருக்கு அந்த இணைப்பை அனுப்பலாம். தேடுபொறியில் தேடுகிறவர்களும் அதன் வழியாக வந்து சேர்வார்கள். பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவோருக்கான வழிகாட்டுதல்களில் கூகுள் 2022 டிசம்பரில் நேரடி அனுபவம் என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. போய் வந்தவர் எழுதுவதும் பிற தளங்களைப் பார்த்துத் தொகுப்பதும் ஒன்றல்ல என்பதை வாசகர்கள் அதற்கு முன்பே அறிவார்கள்.

"எல்லாவற்றையும் இலவசமாகச் சொல்லிவிட்டால் என்னிடம் ஏன் வருவார்கள்?" என்ற அச்சம் இயல்பானது. அமெரிக்காவின் ரிக் ஸ்டீவ்ஸ் இதற்கு நல்ல விடை. 1970-களில் பயண வகுப்புகள் எடுக்கத் தொடங்கியவர் அவர். ஐரோப்பாவில் தாங்களாகவே சுற்றுவது எப்படி என்பதை அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொடுத்து வருகிறார். ஒலி வழிகாட்டிகளை இலவசமாகவே தருகிறார். கூடவே அவருடைய நிறுவனம் குழுப் பயணங்களையும் நடத்துகிறது. தானாகப் போகத் துணிந்தவர் எப்படியும் உங்களிடம் வரப்போவதில்லை. இவ்வளவு தெரிந்தவரே கூட வந்தால் நிம்மதி என்று நினைப்பவர் வருவார்.

போகாத இடத்தைப் போனதுபோல் எழுதாதீர்கள். புதிய இடம் என்றால், "நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை, அங்கே எனக்கு நம்பகமான ஒருவர் இருக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: படங்கள்

2009-இல், வீடுகளைத் தங்குமிடமாக வாடகைக்கு விட உதவும் தளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள், நியூயார்க்கில் முன்பதிவு ஏன் மந்தமாக இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். வீடுகளின் படங்கள் மோசமாக இருப்பதைக் கண்டு, தாங்களே கேமராவோடு வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தார்கள். முன்பதிவு கூடியது. படம் எடுக்கும் கலையைவிட அதில் தெரிய வேண்டியது முக்கியம்: தூங்கப்போகும் கட்டில், குளியலறை, வண்டியின் உள்பக்கம், உடன் வருபவர்களின் வயது. சூரிய உதயப் படம் இணையத்தில் இறைந்து கிடக்கிறது. உங்கள் வண்டியில் கால் நீட்ட எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நீங்கள் மட்டுமே காட்ட முடியும். வாங்கிய படங்களையும் பிறர் படங்களையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் முகம் சில படங்களிலாவது இருக்கட்டும்.

வாடிக்கையாளர் படங்களை வெளியிட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், குழந்தைகள் இருந்தால் கட்டாயமாக. அந்தந்த ஊர் மக்களைப் படம் எடுக்கும்போதும் கேட்டுவிட்டு எடுங்கள். பயணம் முடிவதற்கு முன்பே ஒருவரின் படத்தைப் போடுவது, அவர் வீடு பூட்டியிருக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பதாகும்.

ஐந்தாம் படி: எங்கெல்லாம் இருக்க வேண்டும்

எல்லாத் தளங்களிலும் கணக்கு தொடங்கி எதிலும் எழுதாமல் விடுவது பூட்டிய கடையின் பெயர்ப்பலகை போலத்தான். கீழே உள்ளவை போதும்.

சொந்த இணையதளம், நான்கைந்து பக்கங்களோடு: நீங்கள் யார், யாருக்காகச் செய்கிறீர்கள், பயணங்கள், ரத்து விதிகள், தொடர்பு. "எங்களைப் பற்றி" பக்கம்தான் பலரும் அலட்சியம் செய்வது. பணம் கட்டுமுன் மக்கள் தேடிப் படிப்பதும் அதுதான். அங்கே "வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் நோக்கம்" என்று எழுதாமல், இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள், எந்தப் பகுதியை நன்றாக அறிவீர்கள், என்ன உரிமம் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கூகுள் வணிகப் பக்கம், இலவசம். 750 எழுத்துகளுக்குள் விவரிக்கலாம். வீட்டிலிருந்து நடத்துபவர்கள் முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டலாம்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-இல் வந்தது. அதில் விரைவுப் பதில்கள், வாடிக்கையாளரை வகைப்படுத்தும் குறிச்சொற்கள், நீங்கள் இல்லாத நேரத்துக்கான தானியங்கிச் செய்தி எல்லாம் உண்டு. ஒலிபரப்புப் பட்டியலில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதியில், அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தன் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே விசாரிக்க வருபவரிடம் முதலிலேயே எண்ணைப் பெயரோடு சேமிக்கச் சொல்லுங்கள்.

சமூக ஊடகத்தில் ஒன்றே ஒன்று. உங்கள் வாடிக்கையாளர் எதில் இருக்கிறாரோ அது. வாரம் ஒரு பதிவு தவறாமல் வருவது, ஒரு மாதம் தினமும் எழுதிவிட்டுக் காணாமல் போவதைவிட மேல். பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சிறிய நிறுவனத்துக்கு ஆண்டுக்குச் சில நூறு பயணிகள் போதும். எண்ண வேண்டியது வேறு: விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு எழுதி வையுங்கள். சில மாதங்களில் எது வேலை செய்கிறது என்று அந்த ஏடே சொல்லிவிடும்.

மின்னஞ்சல் பட்டியலை மறக்காதீர்கள். சமூக ஊடகக் கணக்கு ஒருநாள் முடக்கப்பட்டால் அங்கே சேர்த்த எல்லாரும் போய்விடுவார்கள். மின்னஞ்சல் முகவரிகள் உங்களோடு இருக்கும். சம்மதித்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.

ஆறாம் படி: மதிப்புரைகள்

கேட்காமல் வராது, கேட்கத் தயங்கவும் தேவையில்லை. பயணம் முடிந்து ஊர் திரும்பிய இரண்டு மூன்று நாட்களில் கேளுங்கள். "ஐந்து நட்சத்திரம் போடுங்கள்" என்று கேட்பதைவிட, "உங்களைப் போன்ற குடும்பம் ஒன்று இந்தப் பயணத்தை யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டால் உருப்படியான விவரம் கிடைக்கும்.

தள்ளுபடி, பரிசு கொடுத்து மதிப்புரை வாங்குவது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் போலி மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதியை 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது; ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இதற்குச் சட்டம் உண்டு. சட்டம் இல்லாத இடத்திலும் செய்யாதீர்கள். பெயரை நம்பிப் பிழைக்கும் தொழிலில் பொய்யான ஒரு புகழுரை பிடிபட்டால் உண்மையான நூறு புகழுரைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

குறை சொல்லும் மதிப்புரைக்கு ஒரு நாள் ஆறவிட்டுப் பதில் எழுதுங்கள். குறை எழுதியவரை வெல்வதற்காக எழுத வேண்டாம். அதைப் பின்னால் படிக்கப்போகிறவரை மனதில் வைத்து எழுதுங்கள். என்ன நடந்தது, எது உங்கள் பொறுப்பு, இனி என்ன மாற்றியிருக்கிறீர்கள்: இந்த மூன்றும் போதும்.

ஏழாம் படி: திட்டம் குலையும் நாள்

விமானம் ரத்தாகும், சாலை மூடப்படும், ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். பெயர் உண்மையில் வளர்வதும் உடைவதும் அன்றுதான். ஏனெனில் நன்றாக நடந்த பயணத்தைப் பற்றி "நன்றாக இருந்தது" என்பதோடு முடித்துவிடுவார்கள். இடையூறு வந்தபோது நீங்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் விரிவாகச் சொல்வார்கள்.

அந்த நேரத்தில் அனுப்பும் செய்தியின் அமைப்பை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். உங்கள் காலை விமானம் ரத்தாகிவிட்டது. மாலை விமானத்தில் இடம் கேட்டிருக்கிறேன். உறுதியானதா என்பதை 11 மணிக்குள் சொல்கிறேன். கிடைக்கவில்லை என்றால் இன்றிரவு தங்க அறை பிடித்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டாம். விமானக் கட்டணத்தை விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும். விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன்."

இதில் தெரிந்தது, தெரியாதது, அடுத்த தகவல் வரும் நேரம், அவர் செய்ய வேண்டியது ஆகிய எல்லாம் இருக்கின்றன. 11 மணிக்கு உங்களுக்கு எந்த விவரமும் கிடைக்காவிட்டாலும், "இன்னும் உறுதியாகவில்லை, 12 மணிக்கு மீண்டும் சொல்கிறேன்" என்று 11 மணிக்கே அனுப்பிவிட வேண்டும். காத்திருப்பதைவிட, யாரும் கவனிக்கவில்லையோ என்ற எண்ணம்தான் பயணியை அதிகம் வாட்டும்.

சட்டப் பொறுப்பையும் அறிந்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண விதிகளின்படி, போக்குவரத்து, தங்குமிடம் போன்றவற்றைச் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்றால், வேறு நிறுவனம் தரும் சேவையில் குறை வந்தாலும் அமைப்பாளரே பொறுப்பு. உங்கள் நாட்டில் விதி என்ன என்பதைப் பார்த்து, ரத்து விதிகளை எளிய சொற்களில் எழுதி, பணம் வாங்கும் முன்பே கையில் கொடுங்கள்.

எட்டாம் படி: நீங்கள் இல்லாமலும் நடக்க

பெயர் பரவியபின் எல்லாரும் "நீங்களே வருவீர்களா?" என்று கேட்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாது. நோயும் வரும், ஓய்வும் வேண்டும். ஆகவே ஆள் தேவைப்படுவதற்கு வெகு முன்பே ஒருவரைத் தயார் செய்யத் தொடங்குங்கள். நீங்கள் எழுதி வைத்த கேள்விக் குறிப்பேடும் நெருக்கடிச் செய்திகளும் அவருக்குப் பாடநூலாகும்.

முதலில் அவர் உங்களோடு வரட்டும். அடுத்த பயணத்தில் அவர் நடத்த, நீங்கள் பின்னிருக்கையில் இருங்கள். உங்கள் தளத்தில் அவருடைய படத்தையும், அவர் எதில் கைதேர்ந்தவர் என்பதையும் அவர் பெயரிலேயே போடுங்கள். சில பதிவுகளை அவரே எழுதட்டும். அவர் தனியாக நடத்தும் முதல் பயணத்துக்கு முன்பதிவு செய்பவர்களிடம் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "இந்த முறை நான் வரவில்லை. வருபவர் இன்னார். இந்த வழியில் என்னோடு வந்தவர், தானே நடத்தியும் காட்டியவர். கிளம்புவதற்கு முந்தைய வாரம் அவரே உங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார்." அதைக் கேட்டு விலகுகிறவருக்கு, நீங்கள் நேரில் வரும் அடுத்த தேதியைச் சொல்லி அனுப்புங்கள்.